ஒரே நம்பர் கல்; ஒன்று வெட்டுகிறது, ஒன்று கருக்குகிறது!

சாணைக் கல்லின் ரகசியம் குருணையின் வடிவில்

பெங்களூர் பீனியாவிலும் மும்பைப் புறநகர்ப் பட்டறைகளிலும் கிரைண்டிங் மெஷின் முன் நிற்கும் தமிழர்கள் பலர். "போன வாரக் கல் நன்றாக வெட்டியது. இந்தக் கல் இரும்பைக் கருக்குகிறது. இரண்டும் 46 நம்பர்தான்!" என்ற புலம்பல் அவர்களுக்குப் புதிதல்ல. சாமானில் நீலம் பாய்ந்தால் பழி தொழிலாளியின் தலையில் விழுகிறது. ஆனால் கோளாறு, கல்லுக்குள் இருக்கும் குருணையின் வடிவிலும் இருக்கலாம்.

46 நம்பர் என்பது சல்லடைக் கணக்கு. அங்குலத்துக்கு 46 கண் உள்ள சல்லடையைக் கொண்டு தரம் பிரித்த குருணை என்று பொருள். அது பருமனைச் சொல்லும்; வடிவத்தைச் சொல்லாது. ஒரே சல்லடையில் நீண்ட சிலும்பும் இறங்கும், திரண்ட கட்டியும் இறங்கும்.

இரண்டு வகை

கல்லில் பதிந்த ஒவ்வொரு குருணையும் ஒரு குட்டி உளி. முனை கூரான குருணை, லேசாக அழுத்தினாலே இரும்பில் இறங்கிச் சீவும். சூடு குறைவு. ஆனால் பாரம் அதிகமானால் சீக்கிரம் நொறுங்கும். கல் வேகமாகத் தேயும்.

திரண்ட குருணை அடி தாங்கும். வார்ப்படங்களில் பிசிறு நீக்கும் முரட்டு வேலைக்கு அதுவே ஏற்றது. அதையே மென்மையான வேலைக்குப் போட்டால் வெட்டாமல் தேய்க்கும். முனை மழுங்கிக் கல் கண்ணாடிபோல் பளபளக்கும். வெட்டவில்லையே என்று மேலும் அழுத்தினால் சூடு ஏறும். கடினமாக்கிய எஃகு பதம் இழக்கும். மயிரிழை வெடிப்பும் விழலாம்.

எப்படி உருவாகிறது?

பாக்சைட்டை மின் உலையில் 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, ஆறிய கட்டியை உடைத்து அலுமினா குருணை எடுக்கிறார்கள். உருளைகளுக்கு இடையே நசுக்கினால் கூர்ச் சிலும்புகள் அதிகம் கிடைக்கும். குண்டு போட்ட ஆலையில் உருட்டினால் மூலைகள் உதிர்ந்து திரண்டு வரும்.

வடிவத்தைச் சோதிக்க எளிய வழி, ஒரே பாத்திரத்தில் உதிரியாகக் கொட்டி எடை போடுவது. திரண்டவை நெருங்கி அமர்வதால் எடை கூடும். சிலும்புகள் இடைவெளி விடுவதால் குறையும்.

நம் நாட்டில் இத்தொழிலுக்குத் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954 ஆம் ஆண்டு சென்னையில்தான் தொடங்கப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

கல்லின் சீட்டில் நம்பரோடு வேறு எழுத்துகளும் உண்டு. குருணையின் வகை, கல்லின் இறுக்கம், பிணைப்பு ஆகியவற்றை அவை குறிக்கும். முன்னால் வரும் குறி, எந்த ரகக் குருணை என்று தயாரிப்பாளர் வைத்த அடையாளம். ஸ்டோர் குமாஸ்தா "46 நம்பர் கல்" என்று மட்டும் ஆர்டர் எழுதினால் வேறு ரகக் கல் வந்து சேரலாம். பழைய சீட்டில் உள்ள குறி முழுவதையும் எழுத வேண்டும்.

கல் பளபளத்தால் அழுத்தக் கூடாது. வைர முனையால் டிரஸ்ஸிங் செய்தால் குருணை உடைந்து புது முனை வெளிவரும். அதன் பிறகும் கருக்கினால், கைத்தவறு என்று ஒப்புக்கொள்ளும் முன் சீட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.