உங்களுக்குத் தெரியுமா? பள்ளிச் சாப்பாடு தவறினால் குழந்தைக்குச் சேர வேண்டியது

சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் சர்க்கார் பள்ளிகளிலும் மானியம் பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு, குடும்பத்தின் ஜாதியையோ வருமானத்தையோ விசாரியாமல், ஒரு பைசா விலையும் கேளாமல், மத்தியானச் சாப்பாடு அளிக்க வேண்டுமென்பது 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. ஆரம்ப வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் தானியத்தை மத்திய சர்க்கார் இலவசமாகத் தர, சமையற் செலவில் நூற்றுக்கு 60 மத்திய சர்க்காரையும் 40 ராஜ்யத்தையும் சாரும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளையும் ஆந்திர ராஜ்யம் தன் சொந்தப் பொக்கிஷத்திலிருந்தே போஷிப்பது விசேஷமாகப் பாராட்டத்தக்கது. தானியமோ பணமோ எரிபொருளோ சமையற்காரரோ இல்லாமல் பள்ளி நாளில் சாப்பாடு தவறினால், 2015-ஆம் வருஷத்து விதிகளின்படி, அந்தத் தானியமும் சமையற் செலவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் குழந்தையைச் சேர வேண்டும்; பெற்றோர் இதைக் கேட்டுப் பெறத் தயங்கலாகாது.