அரிசியும் ஜீவசத்தும்

வயிறார உண்பவன் உடல் நலிவானா என்று கேட்டால், நலியான் என்றே பலரும் விடை கூறுவர். ஆயினும் நாள்தோறும் அரிசிச்சோறு நிறைய உண்டவர்களே கால் மரத்து, நடை தளர்ந்து, மார்பு படபடத்து மாண்டதுண்டு. அந்நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். அது தோன்றிய காரணத்தை அறிந்தால், நமது சரீரம் ஆகாரத்தை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதும் விளங்கும்.

மாவுச்சத்தும் கொழுப்பும் நாம் உழைப்பதற்கு வேண்டிய சக்தியைத் தருவன. பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றிலுள்ள புரதம் தசையை வளர்த்து, தேய்ந்த உறுப்புகளைப் புதுப்பிப்பது. சுண்ணாம்புச்சத்து எலும்புக்கும், இரும்புச்சத்து இரத்தத்திற்கும் இன்றியமையாதன. இவையன்றி ஜீவசத்துக்கள் என்பனவும் உள. இவை மிகச் சிறிய அளவே வேண்டப்படுவன. எனினும் இவை இன்றேல் ஏனைய சத்துக்கள் உடலுக்கு நன்கு பயன்படா.

சோற்றிலுள்ள மாவு, குடலிற் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் கலக்கிறது. அச்சர்க்கரையை எரித்தே உடல் சக்தி பெறுகிறது. அவ்வாறு எரிவதற்குத் துணை நிற்பது தயமின் என்னும் பி1 ஜீவசத்து. அது குறைந்தால், காற்றுப் புகாத அடுப்பில் விறகு எரியாமற் புகைவதுபோல, சர்க்கரை முற்றும் எரியாமல் இடையே தேங்கும். நரம்புகளும் இருதயமும் வாடும். ஆகவே, சோறு மிகுதியாக உண்பவனுக்கு இச்சத்தும் மிகுதியாகவே தேவை. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். உடல் இதனை நெடுநாளைக்குச் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்கள் கிடைக்காவிடினும் குறை தோன்றிவிடும்.

நெல்மணியில் இச்சத்துப் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலுமே உள்ளது. அரிசியை வெண்மையாகத் தீட்டுங்கால் அது தவிட்டுடன் போய்விடுகிறது. இதற்கு முதற்சான்று கிடைத்தது ஜாவாத் தீவில். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசிச்சோறு தின்ற கோழிகள் கால் விழுந்து கிடப்பதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை தேறி எழுவதையும் கண்டார். 1926இல் ஜான்ஸன், டோனாத் என்னும் இருவர் அத்தீவிலேயே தவிட்டினின்றும் இச்சத்தைப் பிரித்தெடுத்தனர். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய சென்னை மாகாணத்திலும் இவ்வுண்மை புலப்பட்டது. தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்து நீரிற் கரைந்து மணியின் உள்ளே செல்கிறது. பின்னர்த் தீட்டினாலும் அதிற் பெரும்பகுதி அரிசியிலேயே தங்குகிறது. ஆலையிலே தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் சுமார் 0.06 மில்லிகிராம், அவ்வாறே தீட்டிய புழுங்கலரிசியிற் சுமார் 0.2 மில்லிகிராம். விஞ்ஞானம் அறியுமுன்னரே நம் பெண்டிர் நெல் அவித்த பாத்திரம் பல உயிர்களைக் காத்தது.

குழந்தைகளின் பொருட்டு இதிற் பெரிதும் கவனம் வேண்டும். தாயின் ஆகாரத்தில் இச்சத்துக் குறையுமாயின் பாலிலும் குறையும். தாய்ப்பால் ஒன்றையே உண்ணும் சிசு, சில மாதங்களுக்குள் திடீரென மாளவும் கூடும். பத்தியம் என்று பருப்பையும் காய்கறியையும் விலக்கி, பிள்ளை பெற்றவளுக்கு வெறும் சோறு இடுவது பெருந்தவறு.

ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தினரும் கைக்கொள்ளத்தக்க முறைகளாவன:

1. மிகத் தீட்டிய பச்சரிசியை விடப் புழுங்கலரிசியையோ கைக்குத்தலரிசியையோ கொள்க.
2. அரிசியைப் பன்முறை கசக்கிக் கழுவற்க. தயமின் நீரிற் கரைவது.
3. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உணவிற் சேர்த்துக்கொள்க.
4. பருப்பு வேகச் சோடா உப்பு இடற்க. அது இச்சத்தை அழிக்கும்.
5. சோற்றுடன் பருப்பு, பயறு, நிலக்கடலை ஆகியவற்றையும், இடையிடையே கேழ்வரகு, கம்பு ஆகியவற்றையும் உண்க.

இவற்றுட் பெரும்பாலனவற்றிற்குப் புதுச் செலவு ஏதும் இல்லை. வெண்மையே உயர்வென்று எண்ணுவதை விட்டொழித்தால், உண்ணும் சோறே உடலுக்கு உரமாகும்.