கல்லில் நின்ற நாயும் தெருவில் ஆடும் குழந்தையும்

வயது வந்தவர்கள் பாடம் கேட்பதற்கென்று உலகில் ஏற்பாடுகள் பல உண்டு. நூல்கள் உண்டு, சான்றோர் சொற்பொழிவுகள் உண்டு, மாலை நேரத்தில் குறளும் கீதையும் விளக்கும் சபைகளும் உண்டு. ஆயினும் நம் வீட்டிலும் வாசலிலும் இருந்துகொண்டு, கூலி எதுவும் கேளாமல், நாள்தோறும் பாடம் நடத்தும் ஆசிரியர் இருவரை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் குழந்தை, மற்றொருவர் நாய்.

நாயை ஆசிரியர் என்றவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழில் அச்சொல் வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. மாணிக்கவாசகர் இறைவன் திருமுன் தம்மை 'நாயேன்' என்று சொல்லிக்கொண்டதும் தாழ்மையின் எல்லையைக் காட்டுவதற்கே என்பர். இருக்கலாம். ஆனால் தலைவன் அடித்தாலும் அணைத்தாலும் அவன் காலடியை விட்டு நீங்காத உயிர் வேறு எது என்று அப்பெரியார் எண்ணிப் பார்த்திருக்கவும் கூடுமன்றோ? குழந்தையின் திறத்தில் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று புகழ்ந்து, அதனைப் பூசையறைக்கு அனுப்பிவிடுகிறோம். இப்புகழ்ச்சியில் பாதி சோம்பலே என்பது நம் கருத்து. வணங்கப்படுவதைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லையல்லவா?

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறி வாழ்கின்ற நமக்கு, இவ்விருவரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று சிறப்பாக உண்டு. பகையையும் மனத்தாங்கலையும் கணக்கெழுதி வைக்காமல் அண்டை அயலாரோடு கலந்து வாழ்வது எப்படி என்பதே அது. இதைப் பெங்களூரில் வாழும் தமிழர்களை முன்னிட்டே ஆராயலாம். ஏனெனில் நாயின் பெருமைக்குச் சான்றாக அந்நகரில் ஒரு கல் இருக்கிறது. அக்கல்லில் தமிழரின் துயரம் ஒன்றும் எழுதப்பட்டிருக்கிறது.

பெங்களூர்க் கஸ்தூரிபா சாலையில், கப்பன் பூங்காவை அடுத்துச் சிவந்த நிறக் கட்டடம் ஒன்றில் அரசு அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அதன் சேகரிப்பில் உள்ள நடுகற்களுள் புகழ் பெற்றது ஆதகூர்க் கல். மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. சக ஆண்டு 872, அதாவது கிறிஸ்து ஆண்டு 949–50இல் பொறிக்கப்பட்டது. எழுத்தும் மொழியும் கன்னடம். எழுத்துக்களின் நடுவே நாய் ஒன்றும் காட்டுப்பன்றி ஒன்றும் ஒன்றையொன்று தாக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

அக்காலத்தில் தக்கோலத்தில் ஒரு பெரும் போர் நடந்தது. அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலந்தான் அது. ஒரு புறம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். கன்னரதேவன் என்று நம் தமிழ்க் கல்வெட்டுக்கள் குறிப்பவன் அவனே. அவனுக்குத் துணை நின்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். எதிர்ப்புறம் முதற் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன். யானை மேலிருந்தே அவ்விளவரசன் மாண்டான். சோழப் பேரரசு தலை நிமிர அதன் பின் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. பூதுகன் அவனைக் கொன்றதை ஆதகூர்க் கல் கூறுகிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இது ருசிக்கும். கொன்ற முறையைச் சொல்லும் தொடரில் ஒரு சொல்லை முதலில் படித்த அறிஞர், 'வஞ்சகமாக' என்று பொருள் கொண்டனர். பின்னர் எழுத்தைத் திருத்திப் படித்து, 'அம்பாரியையே போர்க்களமாக்கி' என்று பொருள் உரைத்தனர். முதற் படிப்பின்படி பூதுகன் வஞ்சகன். இரண்டாம் படிப்பின்படி வீரன். ஓர் எழுத்தின் வாசிப்பில் ஆயிரமாண்டுப் பழி ஏறவும் இறங்கவும் செய்கிறது. இரு மொழியாருக்கிடையே வழங்கும் செய்திகளைக் கேட்டவுடன் கொதித்தெழுவோர் இதைச் சற்றே நினைவில் வைக்கலாம்.

இனி நாயின் வரலாற்றைக் காண்போம். அப்போரில் பூதுகன் பக்கம் நின்று வீரம் காட்டியவன் மணலரன் என்னும் தலைவன். "வேண்டுவது கேள்" என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. ஊர்கள் அவனுக்கு மானியமாகவே கிடைத்தன. ஆயினும் அவன் வாய் திறந்து கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாயை. பின்னொரு நாள் கேளலை நாட்டில் ஓர் ஊரின் மேற்கே உள்ள குன்றில் பெரும் பன்றி ஒன்றின் மேல் காளி ஏவப்பட்டது. பன்றியும் மடிந்தது, காளியும் மடிந்தது. மணலரன் ஆதகூரில் சிவாலயத்தின் முன்னே அந்நாய்க்குக் கல் நட்டான். கல்லின் வழிபாட்டுக்கென நிலமும் விட்டான். அந்நிலத்தை ஆளும் பூசகர் கல்லைப் பூசியாமல் உண்பாராயின் பாவம் சேரும் என்றும் எழுதுவித்தான். சோழ இளவரசனைக் கொன்ற வெற்றி அக்கல்லில் முன்னுரையாகத்தான் வருகிறது. கல் நிறுத்தப்பட்டது நாய்க்காக.

இதைக் கேட்டுக் கன்னடியர் மட்டுமே நாய்க்குக் கல் நட்டவர் என்று எண்ண வேண்டாம். இதற்கும் 3 நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல் சொல்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லி நாயைப் போற்றிய பழைய கற்களுள் இதுவும் ஒன்று. இரு நாட்டார் வாளெடுத்துப் பொருத அக்காலத்தில், இரு நாட்டாரும் நாயிடம் கண்டு வியந்த குணம் ஒன்றே. அதற்கு வைத்த பெயரும் ஒன்றே. தமிழில் நாய், கன்னடத்தில் நாயி. கன்னடத்தார் குழந்தையை 'மகு' என்பர். நாம் 'மகவு' என்போம்.

நாயின் அன்பு வெறும் கவி கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று, நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு மிகுவதைக் காட்டிற்று. தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதும் அதே சுரப்பே. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை.

இன்னும் சுவையான செய்தி நாய்களின் விளையாட்டில் உள்ளது. இரு நாய்கள் விளையாடும்போது ஒன்று முன்னங்கால்களைத் தரையில் நீட்டித் தாழ்ந்து, பின்புறத்தை உயர்த்தி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். 'இது விளையாட்டே' என்று சொல்லும் வணக்கம் அது. அமெரிக்க விலங்கியல் அறிஞர் மார்க் பெக்கோஃப் 1995இல் எழுதிய ஆய்வில், கடிப்பதற்குச் சற்று முன்னும் கடித்ததற்குச் சற்றுப் பின்னுமே இவ்வணக்கம் மிகுதியாக வருகிறது என்று கண்டார். தவறாகக் கொள்ளப்படக்கூடிய செயல் எதுவோ, அதன் பக்கத்திலேயே நாய் விளக்கத்தையும் வைத்துவிடுகிறது. நாமோ சுடுசொல் ஒன்றை வீசிவிட்டு, விளக்கத்தை அடுத்த ஆண்டு உறவினர் திருமணத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் சொன்னதால், தெருவில் காணும் நாயையெல்லாம் தடவிக் கொடுக்கலாம் என்று எவரும் கொள்ளலாகாது. 2023இல் பெங்களூர் மாநகராட்சி எடுத்த கணக்கின்படி நகரின் தெருநாய்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 79 ஆயிரம். வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஐயத்துக்குரிய விலங்கால் கடியுண்பவர்களில் ஏறத்தாழ 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். அன்றே மருத்துவமனையை அடைந்து தடுப்பூசி தொடங்குதல் வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு முதலியன இடுவது கேடு.

குழந்தைகளிடம் வருவோம். வேற்று மாநிலத்தில் குடியேறியவர் வீட்டில் முதலில் அவ்வூர் மொழியைப் பேசுவது யார்? பெரும்பாலும் கடைக்குட்டியே. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிரேசர் டவுனிலும், வீட்டிற்குள் தமிழும் வாசற்படியைத் தாண்டியதும் கன்னடமுமாகப் பேசும் சிறுவர்கள் எத்தனையோ பேர். அதே வீட்டுப் பெரியவர் 20 ஆண்டு வாழ்ந்தும் 'கன்னட கொத்தில்லா' என்ற ஒரே வாக்கியத்தோடு நிற்பதும் உண்டு. கன்னடம் தெரியாது என்று கன்னடத்தில் சொல்வதற்கு மட்டும் தெரிந்து வைத்திருக்கும் இந்த விந்தையைக் கன்னட நண்பர்கள் கேலி செய்வதில் குற்றமில்லை.

குழந்தைக்கு இயற்கை தந்த சலுகை ஒன்று இருக்கிறது என்பது மெய்யே. கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கும். ஆங்கிலம் மட்டுமே ஒலிக்கும் வீடுகளில் வளரும் கைக்குழந்தைகளுக்கு, இந்தியில் உள்ள தகரத்தையும் டகரத்தையும் ஒலிபெருக்கியில் கேட்கச் செய்தனர். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டை உணர்ந்தன. 10 முதல் 12 மாதத்தில் அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. எந்த மொழிக்கும் திறந்திருந்த செவி, ஓராண்டுக்குள் தன் வீட்டு மொழிக்கெனத் தன்னை அமைத்துக்கொள்கிறது.

ஆனால் தமிழ்ச் செவிக்குக் கன்னடம் அவ்வளவு அயலானதன்று. ஆகவே நமக்குத் தடை செவியில் இருப்பதைவிட நாணத்தில் இருப்பதே மிகுதி. பிழையாகப் பேசினால் சிரிப்பார்களே என்று அஞ்சி, அலுவலகத்தில் மதிப்போடு இருப்பவர் காய்கறிக் கடையில் ஊமையாகி நிற்கிறார். குழந்தை சொல்லைப் பிழைபட உரைக்கிறது, தோழர்கள் சிரிக்கிறார்கள், அதுவும் சேர்ந்து சிரிக்கிறது, அடுத்த முறை திருத்தமாகச் சொல்கிறது. ஒரு குழந்தை இவ்வாறு எத்தனை முறை சிரிக்கப்பட்டது என்று யாரும் எண்ணி வைப்பதில்லை. அது தானும் எண்ணுவதில்லை.

குழந்தைகள் சண்டையிடாதவர்கள் அல்லர். ஒரு மணி நேரத்தில் மும்முறை சண்டையிடுவார்கள், கிள்ளுவார்கள், ஒருவனைச் சேர்க்காமல் ஒதுக்கி அழவைக்கும் கொடுமையும் செய்வார்கள். ஆனால் சண்டையை முடிப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. 'காய்' விட்டவர்கள் சற்று நேரம் சென்றதும் 'பழம்' விட்டுக்கொள்கிறார்கள். யார் மேல் பிழை என்ற விசாரணை இல்லை, மத்தியஸ்தர் இல்லை, எழுத்து மூலமான உடன்பாடு இல்லை. ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்ற ஒரு காரணம் போதுமானதாகிறது.

பெரியவர்கள் விடும் காய் பழமாவதற்கு எத்துணைக் காலம் பிடிக்கிறது என்பதற்கும் பெங்களூரே சான்று. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று 1991இல் திறப்பதற்கு ஆயத்தமாக இருந்தது. எதிர்ப்பு எழுந்து திறப்பு நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் காவிரி நீர்ப் பூசலை ஒட்டி நகரில் கலவரம் மூண்டது. தமிழர் பலர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். வள்ளுவர் சிலை மூடிய போர்வைக்குள்ளேயே நின்றது. அவ்வாண்டு பிறந்த குழந்தை வளர்ந்து வாக்குரிமை பெறும் வயதை அடைந்த பின், 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாளில் அது திறக்கப்பட்டது. இரு மாநில முதலமைச்சர்களும் உடனிருந்தனர். அடுத்த 4 நாளில், ஆகஸ்டு 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மூன்றடிப் பாக்களில் உலகியல் அறிவுரைத்த ஊர்சுற்றிப் புலவர் அவர். இரண்டடியார் அங்கேயும் மூன்றடியார் இங்கேயும் குடியேறினர். இதனை முன்னரே செய்திருக்கலாகாதா என்று கேட்பது எளிது. 18 ஆண்டுகள் கழித்தாயினும் செய்தார்களே என்று நாம் மகிழ்ந்தோம்.

அதனோடு பூசல் ஓய்ந்துவிடவில்லை. 2016 செப்டம்பரில் மீண்டும் காவிரியை ஒட்டி நகரில் வன்முறை எழுந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய வண்டிகள் பல எரிந்தன. சில பகுதிகளில் ஊரடங்கு உத்தரவு பிறந்தது. அந்நாட்களில் வீட்டுக்குள் தமிழில் பேசவும் குரலைத் தாழ்த்திக்கொண்டோர் உண்டு. பல ஆண்டு பழகிய அண்டை வீட்டார் மாடிப்படியில் எதிர்ப்பட்டால், இருவரும் எதையோ தேடுபவர்போலத் தலை குனிந்து கடந்தனர். இருவர் மனத்திலும் பகை இல்லை. முதலில் யார் பேசுவது என்பதே தெரியவில்லை.

ஊரடங்கு நீங்கியதும் தெருவுக்கு முதலில் வந்தவர்கள் சிறுவர்களே. செங்கற்களை அடுக்கி விக்கெட் அமைத்தனர். தெருவின் பழுப்பு நாய் வழக்கம்போல் நடு ஆடுகளத்தில் படுத்தது. அதை எழுப்புவதற்கு இரு மொழியிலும் கெஞ்சினர். சற்று நேரத்தில் பெருங்கூச்சல் கேட்டு, இரு வீட்டுப் பெரியவர்களும் பதைத்து வெளியே ஓடிவந்து பார்த்தனர். வழக்கு இதுதான்: பந்து பிடிக்கப்படுமுன் சுவரில் பட்டதா, படவில்லையா. சிறுவர்கள் தீர்ப்புக் கேட்டு இருவரையும் நோக்கினர். சுவரில் பட்டது என்றார் ஒருவர், தமிழில். இல்லவே இல்லை என்றார் மற்றவர், கன்னடத்தில். இருவரும் அவ்விடத்திலேயே நெடுநேரம் நின்று வாதாடினர்.