நகலெடுத்தலும் முடைதலும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அத்தையை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சோதனை செய்த பெண் ஒரு தாளை நீட்டினார். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு ஐங்கோணங்கள். 'இதப் பாத்து இதே மாதிரி வரைங்க பாட்டி.' அத்தை பென்சிலை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். 'எனக்கு எழுத்தெல்லாம் வராது அம்மணி. பள்ளிக்கோடத்துப் பக்கமே போனதில்ல.' வற்புறுத்தியபின், அச்சிட்ட படத்தின் மேலேயே இரண்டு கோடு இழுத்தாள். பூஜ்யம் விழுந்தது.

இந்தப் பூஜ்யத்தை எப்படி வாசிப்பது? அந்த ஐங்கோணங்கள் 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹ்யூவும் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனையில் வருபவை. அவற்றுக்கு 1 மதிப்பெண். பத்து மூலைகளும் இருக்க வேண்டும். வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நாற்கோணம் உருவாக வேண்டும். கை நடுங்கினால் குற்றமில்லை. சோதிக்கப்படுவது ஓவியத் திறமை அல்ல, துண்டுகளை இடவெளியில் பொருத்தி ஒரு முழுமையாக்கும் திறன். டிமென்ஷியாவை நாம் 'மறதி நோய்' என்று தமிழாக்கிக்கொண்டதால் இந்தப் பக்கம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. சிலருக்கு ஞாபகம் கெடுவதற்கு முன்பே இதுதான் சிதையும்.

1920இல் கோஸ் அறிமுகப்படுத்திய வண்ணக்கட்டைகளும் (பின்னால் வெக்ஸ்லர் இதைத் தன் அளவுகோலில் சேர்த்துக்கொண்டார்) இதே தர்க்கத்தில் இயங்குபவைதான். மாதிரி ஒன்று தரப்படும்; அதன் நகல் கேட்கப்படும். சோதிப்பவர் மூலப்பிரதியின் காவலராகிவிடுகிறார். தோற்றது பதிவாகும், தோற்ற விதம் பதிவாகாது. எடித் கப்லான் இங்கேதான் குறுக்கிட்டார். கட்டைகளை அடுக்கும்போதே கவனி என்றார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர் சதுரத்தின் வெளிவடிவத்தையே உடைத்துவிடுவார். இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர் வெளிவடிவத்தைக் காப்பாற்றி உள்விவரத்தில் தவறுவார். மதிப்பெண்ணில் இருவரும் ஒன்று.

மாதிரியின் மேலேயே வரைவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1935இலேயே மேயர்-கிராஸ் இதை விவரித்திருக்கிறார்: நகலெடுக்கும் கை மாதிரியை நோக்கி இழுபட்டு, கடைசியில் அதன்மீதே ஏறிவிடுவது. அத்தையின் கோடுகள் அதுவாக இருக்கலாம். பென்சிலே பிடிக்காத ஒருத்தியின் தடுமாற்றமாகவும் இருக்கலாம். பூஜ்யம் இரண்டையும் ஒரே குழிக்குள் புதைக்கிறது. நைஜீரியாவின் இபாதானில் இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தார்கள். பள்ளி செல்லாத முதியவர்களுக்குப் பென்சிலுக்குப் பதில் தீக்குச்சிகளைக் கொடுத்து உருவங்களை அடுக்கச் சொல்லும் சோதனை ஒன்று அங்கு உருவாகி, 2005இல் வெளியானது. பெரிய காரியம்தான். ஆனாலும் அதுவும் நகல்தான்.

வீட்டுக்கு வந்தபின் எனக்கு வேறொன்று தோன்றியது. அத்தை நாற்பது வருஷமாக ஒயர்க்கூடை பின்னியவள். ஒயர்க் கட்டை வாங்கிவந்து மடியில் போட்டேன். மாதிரி இல்லை, அளவு சொல்லவில்லை. 'ஒரு கூடை போடு அத்தை.' முடிச்சு ஒவ்வொன்றும் கல் மாதிரி விழுந்தது. மேலே பார்த்துப் பேசிக்கொண்டே போட்டாள். அரைமணி நேரம் எனக்குள் கர்வம். அந்தத் தாளைக் கிழித்துப்போடத் தோன்றியது. அப்புறம்தான் பார்த்தேன். அடி முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை. ஒயரை வெட்டி வெட்டிச் சேர்த்துக்கொண்டே போனாள். பக்கச் சுவர் எழும்பவில்லை. கூடை பாயாகிக்கொண்டிருந்தது. 'என்ன அத்தை இது?' என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 'வத்தல் காயப்போட ஆகும் கண்ணு' என்றாள்.

கையின் பழக்கம் அப்படியே இருக்கிறது. ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்குத் திரும்பும் திட்டம் நழுவிவிட்டது. எந்த எண்ணும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. கூடவே, தவறிய பொருளுக்கு அந்த நிமிஷத்திலேயே ஒரு பயனைக் கண்டுபிடிக்கிற மனம். அதைத் தப்பித்தல் என்றும் வாசிக்கலாம், ஆக்கம் என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது பக்கம். அத்தைமேல் உள்ள பிரியத்தால் என்றாலும் மறுக்கமாட்டேன்.

இங்கேதான் சிக்கலும். மாதிரி இல்லாத படைப்பில் 'சரி' என்று ஒன்று இல்லை. சோதிப்பவர் வாசகராக வேண்டியிருக்கிறது. ஒரே கூடையை இரண்டு வாசகர்கள் இரண்டு விதமாக வாசிப்பார்கள். ஆறு மாதம் கழித்து நோய் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க எண்தான் கைகொடுக்கும். 1963இல் ஃபூக்கோ மருத்துவப் பார்வையைப் பற்றி எழுதியதைப் பிடித்துக்கொண்டு சோதனை எல்லாமே அதிகாரம் என்று சொல்லிவிடுவது எளிது. நானே சில காலம் அப்படிப் பேசித் திரிந்தவன். சுவர் எழும்பாத கூடையைப் பார்த்தபின் அப்படிப் பேச முடியவில்லை. 'கலை மனம் சாகாது' என்று கண் கசிவதும் அதேபோல ஒரு தப்பித்தல்தான்.

இரண்டாம் நாள் மூலை வந்தபோது 'இங்க திருப்பணும் அத்தை' என்று விரலை வைத்தேன். உடனே திருப்பிவிட்டாள். நாலு சுற்று சுவர் ஏறியது. என் அத்தை மகன் மதிப்பெண்ணைக் கேட்டதும் அவளை அடுப்பங்கரைக்கே விடக்கூடாது என்று சொல்லியிருந்தான். அந்த மூலையைக் காட்டியபின் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், அடுப்பை அணைக்க மட்டும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் அந்தப் பாயைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மூலையில் என்ன நடந்தது என்று கேட்டுக் கோப்பில் இரண்டு வரி எழுதினார். பூஜ்யத்தை அடிக்கவில்லை.