மலைநாட்டு வீதிகளும் மாற்றுச் சைலன்சர்களும்

கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் தொழில் புரியும் மலையக இளைஞர்கள் பலர் தீபாவளி, பொங்கல், பெருநாள் விடுமுறைகளுக்கு மோட்டார் சைக்கிளிலேயே வீடு திரும்புகின்றனர். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவை நோக்கியும், டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையிலான சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் ஹட்டன், மஸ்கெலியா ஊடாகவும் குழுக்களாகப் பயணிப்போர் ஏராளம். இவர்களில் பலர் தமது வண்டியில் முதலில் மாற்ற விரும்பும் பாகம் சைலன்சராகும். எனவே, அப்பாகம் என்ன வேலை செய்கிறது, அதனை மாற்றுவதால் கிடைப்பதும் இழக்கப்படுவதும் யாவை என்பதை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

சைலன்சர் வெறும் புகைக்குழாய் அன்று. எரிந்த வாயுவை வெளியேற்றுவது, வெடிப்பொலியை அடக்குவது, வாயு வெளியேறும் வேகத்தை எஞ்சினின் தேவைக்கேற்ப ஒழுங்குபடுத்துவது ஆகிய மூன்று பணிகளையும் அது ஒருங்கே ஆற்றுகின்றது. அண்மைக்கால வண்டிகளில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் புகைக்குழாயிலோ சைலன்சரிலோ அடங்கியுள்ளது. அது அகற்றப்படும்போது காபன் மொனொக்சைட்டும் எரியாத எரிபொருளும் கூடுதலாக வெளியேறும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் வண்டி தேறாமற் போகவும் இது காரணமாகலாம்.

"சைலன்சரை மாற்றினால் இழுவை கூடும்" என்பது பரவலான நம்பிக்கை. இதில் ஓரளவே உண்மையுண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஏறக்குறைய 80 வீதம் மாத்திரமே. கொழும்பில் முழு வலுவுடன் ஓடிய எஞ்சின் இங்கு அதில் ஐந்திலொரு பங்கு வரை இழந்து நிற்கிறது. நம்மவர் பெரிதும் பயன்படுத்தும் சிறிய எஞ்சின்களில் மாற்றுச் சைலன்சர் தரும் ஆதாயம் சில வீதத்துக்குள் அடங்கிவிடும். அதுவும் எஞ்சின் அதிவேகமாகச் சுழலும்போதே கிட்டும். கினிகத்தேனை, றம்பொடை போன்ற ஏற்றங்களில் பின்னிருக்கையில் ஒருவரும் பயணப் பொதிகளும் இருக்கையில் தேவைப்படுவதோ குறைந்த சுழற்சியிலான இழுவையாகும். தடுப்புகள் நீக்கப்பட்ட திறந்த குழாய்கள் பெரும்பாலும் அந்த இழுவையைத்தான் குறைத்துவிடுகின்றன.

எரிபொருட் கலவையும் கவனிக்கத்தக்கது. காபரேட்டர் பொருத்தப்பட்ட வண்டிக்கு உயரமான இடத்தில் காற்றுக் குறைவதால் கலவையில் பெற்றோல் மிகுகிறது. திறந்த சைலன்சரோ பெற்றோலின் விகிதத்தைக் குறைக்கிறது. ஆகவே ஹட்டனில் நன்றாக ஓடும் வண்டி அவிசாவளைக்கு இறங்கியதும் அளவுக்கு மீறிச் சூடாகலாம். இறக்கத்தில் அக்சிலேட்டரை விடும்போது எழும் 'பட பட' வெடிப்பொலி பலருக்கு ரசனையாகத் தோன்றினும், பல வேளைகளில் அது கலவை பிசகியதன் அறிகுறியேயாகும். எரிபொருளைத் தானே தெளிக்கும் புதிய வண்டிகளில் ஒட்சிசன் உணரி இக்குறையை ஓரளவுக்குச் சரிசெய்யும், முழுமையாகவன்று.

அவ்வாறாயின் சைலன்சரை மாற்றவே கூடாதா? துருப்பிடித்து ஓட்டை விழுந்ததையும் விபத்தில் நசுங்கியதையும் மாற்றித்தான் ஆகவேண்டும். அப்போது சில விடயங்களைப் பார்த்து வாங்குதல் நலம். முதலாவதாக, தமது வண்டியின் மாதிரிக்கென்றே தயாரிக்கப்பட்டதைத் தெரிவுசெய்ய வேண்டும். ஐரோப்பிய அங்கீகாரம் பெற்றவற்றில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் நாட்டுக்குரிய இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். 1990இல் ஸ்லோவேனியாவில் ஆரம்பிக்கப்பட்ட அக்ராபோவிச் போன்ற புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலிகள் சந்தையில் மலிந்துள்ளமையால், பெயர்ப்பட்டியை மாத்திரம் நம்பிப் பணம் கொடுத்தல் ஆகாது. இரண்டாவதாக, மழையும் மூடுபனியும் மிகுந்த மலையகத்துக்குத் துருப்பிடிக்காத உருக்கே உகந்தது. உள்ளே தேங்கும் நீர் வடிவதற்கு அடிப்பகுதியில் சிறு துவாரம் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கற்கள் பெயர்ந்த தோட்டப் பாதைகளில் உரசாத உயரத்தில் அது அமைய வேண்டும். பக்கப் பைகளையும் பின்னிருப்பவரின் காலையும் சுடாதபடி வெப்பத் தடுப்புத் தகடும் அவசியம். நான்காவதாக, ஒலி குறைக்கும் உட்குழாயைக் கழற்றிவிடாதிருத்தல் வேண்டும்.

இந்த நான்காவது விடயமே ஏனையோரையும் பாதிப்பதாகும். டெசிபெல் அளவு 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. நமது வீதிகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்புகள். அந்நாட்டின் விதிகள் 2005 முதல் 80க்கு மேல் 175 சீசீ வரையிலான புதிய வண்டிகளுக்கு 77 டெசிபெல்லையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 80 டெசிபெல்லையும் உச்ச வரம்பாக விதித்தன. தொழிற்சாலையில் அவ்வளவு சிரமப்பட்டு அடக்கப்பட்ட ஒலியைத்தான் நாம் கராஜில் பணம் கொடுத்து அவிழ்த்துவிடுகின்றோம்.

அவ்வொலி சென்று சேரும் இடம் எது? தகரக் கூரையும் மெல்லிய சுவரும் கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி வீதியோரங்களில் நிற்கும் லயன் அறைகளே. விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பிரட்டுக்குச் செல்லும் தாயும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அங்கேதான் உறங்குகின்றனர். ஹட்டன், தலவாக்கலை நகரங்களில் நோன்பு காலத்தில் இரவுத் தொழுகை முடித்து, ஸஹருக்கு எழுவதற்காகச் சற்றே கண்ணயரும் குடும்பங்களின் நிலையும் இதுவேயாகும். பள்ளத்தாக்கில் எழும் ஓசை எதிர்மலையில் பட்டு மீள்வதால் ஒரு வண்டியின் இரைச்சல் பல தோட்டங்களுக்குக் கேட்கிறது.

2007 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்படலாகாது எனத் தீர்மானித்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் அளிக்கப்பட்ட அத்தீர்ப்பு சகல மதத்தவருக்கும் பொருந்துவதாயிற்று. வழிபாட்டுக்கே இவ்வரம்பு உண்டெனில், பொழுதுபோக்குக்காக எழுப்பப்படும் இரைச்சலுக்கு விலக்களிக்க எந்த நியாயமுமில்லை. 2025 ஜனவரியில் 'கிளீன் ஶ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின் கீழ், வாகனங்களில் சட்டவிரோதமாகப் பொருத்தப்பட்ட மேலதிகப் பாகங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். எனினும் தண்டத்துக்கு அஞ்சி மாத்திரம் வரும் ஒழுங்கு, பொலிஸார் நிற்காத வளைவில் மறைந்துவிடும்.

வேகத்தையும் ஓசையையும் விரும்புவது இளமையின் இயல்பு, அது குற்றமன்று. அதற்கென 1934ஆம் ஆண்டு தொடக்கப்பட்ட மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நுவரெலியாவின் வசந்தகால மரபுகளில் ஒன்றாக விளங்குகிறது. போட்டி வீதிக்கு உரியதைப் பொது வீதிக்குக் கொண்டுவருவதே தவறாகும். மாதக்கணக்கில் சேமித்த பணத்தை நல்ல தலைக்கவசத்துக்கும், மழையில் வழுக்காத டயருக்கும், இறக்கங்களில் கைவிடாத பிரேக்குக்கும் செலவிடுவதே மலைப்பாதைப் பயணிக்கு உண்மையான இலாபம். சைலன்சரை மாற்றியே ஆகவேண்டுமாயின், லயத்தில் உறங்கும் குழந்தையை எழுப்பாத ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.