'சுகர் ஃப்ரீ' கண்டென்ஸ்டு மில்க்: வீட்டிலேயே செய்யலாம்... ஆனால், அதில் சர்க்கரையே இருக்காதா?

பாயசத்தை இறக்கும்போது இரண்டு ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினால் ருசியே வேறு. ஆனால், வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தால் அந்த டின்னைத் திறக்கவே கை தயங்கும். 'சர்க்கரை போடாம நாமளே செஞ்சிடலாமே' என்று தோன்றுவது அப்போதுதான். தாராளமாகச் செய்யலாம். அதற்கு முன் ஒரு சின்ன கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

டின்னில் ஏன் அவ்வளவு சர்க்கரை?

டின்னில் இருப்பதில் 40 சதவீதத்துக்கும் மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரை. அது வெறும் இனிப்புக்காக அல்ல. அமெரிக்காவின் கெயில் போர்டன், பாலைச் சுண்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1856-ல். வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் இல்லாத காலம் அது. சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால், கிருமிகள் பெருக முடியாது. பால் கெடாது. அந்தக் கெட்டியான பதத்துக்கும் சர்க்கரையே காரணம். எனவே சர்க்கரையை எடுத்துவிட்டால் இனிப்பு மட்டுமல்ல, பதமும் ஆயுளும் சேர்ந்தே குறையும்.

எப்படிச் செய்வது?

* அடிகனமான, அகலமான பாத்திரத்தில் 1 லிட்டர் ஃபுல் கிரீம் பாலைக் காய்ச்சவும்.
* பொங்கியதும் தீயைக் குறைத்து, ஓரத்தில் படியும் ஏட்டை வழித்துவிட்டுக் கிளறிக்கொண்டே இருக்கவும்.
* மூன்றில் ஒரு பங்காக, அதாவது சுமார் 350 மி.லி. ஆக வற்றியதும் இறக்கவும். ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.
* ஆறியதும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் ஏடு கரைந்து வழவழப்பாகும்.
* இனிப்பு வேண்டுமானால் ஸ்டீவியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பார்க்கவும். அதிகமானால் கசக்கும். எரித்ரிட்டால் சேர்த்தால் குளிர்ந்த பிறகு நறநறக்கலாம். அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும்.

கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். வெளியே வைத்தால் சாதாரணப் பாலைப் போலவே கெட்டுப்போகும்.

அப்போ, சுகர் ஏறாதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாலிலேயே லாக்டோஸ் என்ற இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. ஒரு லிட்டரில் சுமார் 50 கிராம். வற்றுவது தண்ணீர் மட்டும்தான். லாக்டோஸ் அப்படியே தங்கிவிடும். ஒரு டேபிள் ஸ்பூன் டின் மில்க்கில் மொத்தம் 11 கிராம் அளவுக்குச் சர்க்கரை என்றால், வீட்டில் செய்ததில் சுமார் 2 கிராம். பெரிய வித்தியாசம்தான். ஆனால், பூஜ்யம் இல்லை.

'சர்க்கரைதான் போடலையே' என்று அரை கப் ஊற்றிக் குடித்தால், கிட்டத்தட்ட 17 கிராம் லாக்டோஸ் உள்ளே போய்விடும். சீக்கிரம் கெட்டியாக வேண்டும் என்று பால் பவுடர் கலந்தால் இன்னும் கூடும். கொழுப்பும் சேர்ந்தே சுண்டுகிறது. 1 லிட்டர் ஃபுல் கிரீம் பாலில் அது சுமார் 60 கிராம். வெல்லம், தேன், பேரீச்சம்பழம் சேர்த்தால் அதுவும் சர்க்கரைக் கணக்குதான். பாயசத்தில் உள்ள சேமியாவும் ஜவ்வரிசியும் தனி.

ஆகவே, பாட்டிலின் மேல் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதாமல், 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதி ஒட்டுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் போதும். அப்பாவும் பாயசம் சாப்பிடலாம். கப் மட்டும் சின்னதாக இருக்கட்டும்.