10 நாள்... 3 ஆலயங்கள்: தீயில் கோயிலை இழந்த சபை எப்படி மீளும்? லூசியானாவில் நடந்தது என்ன?

2019 மார்ச் 26. அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் உள்ள போர்ட் பாரி என்ற சின்ன ஊரில் செயின்ட் மேரி பாப்டிஸ்ட் ஆலயம் தீப்பிடித்து எரிந்தது. பழைய கட்டடம், மின்கசிவாக இருக்கலாம் என்று யார் வேண்டுமானாலும் நினைத்திருப்பார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி பக்கத்து ஊரான ஓபலூசாஸில் கிரேட்டர் யூனியன் பாப்டிஸ்ட் ஆலயம் எரிந்தது. அடுத்த இரண்டே நாளில், ஏப்ரல் 4, அதே ஊரில் மவுண்ட் ப்ளெசன்ட் பாப்டிஸ்ட் ஆலயமும் சாம்பலானது.

மூன்றுமே கறுப்பின மக்களின் ஆலயங்கள். மூன்றுமே நூறு வயதைத் தாண்டியவை. தீப்பிடித்தபோது உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இனிமேல் இது விபத்து என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

மூன்றும் இருப்பது செயின்ட் லாண்ட்ரி பாரிஷ் பகுதியில். (மற்ற அமெரிக்க மாகாணங்களில் 'கவுன்டி' என்று சொல்வதைத்தான் லூசியானாவில் மட்டும் 'பாரிஷ்' என்கிறார்கள். நம்ம ஊர் கத்தோலிக்கப் 'பங்கு' என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஒரு கட்டடம்தானே, திரும்பக் கட்டிக்கலாமே?

கேட்கத் தோன்றும் கேள்விதான். ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ஆலயம் என்பது ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடம் மட்டும் கிடையாது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது, விடுதலையானவர்கள் தங்களுக்கென்று சொந்தமாக உருவாக்கிக்கொண்ட முதல் அமைப்புகளில் ஒன்று அது. பிள்ளைகள் எழுத்துக் கற்றதும், ஊர்க் கூட்டம் போட்டதும், பிறகு ஓட்டுரிமைக்காகத் திரண்டதும் அங்கேதான். அதனால்தான் அவர்களை மிரட்ட நினைத்தவர்கள் முதலில் கை வைத்ததும் அங்கே. 1963இல் பர்மிங்ஹாம் நகரின் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் குண்டு வெடித்து 4 சிறுமிகள் இறந்தது உலகம் அறிந்த செய்தி. 1990களின் நடுவில் தென்மாநிலங்களில் ஆலயங்கள் வரிசையாக எரிய, 1996இல் ஆலயத் தீவைப்புத் தடுப்புச் சட்டம் என்றே தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

அந்த நினைவுகளோடு வாழ்கிற ஊரில், பத்து நாளுக்குள் மூன்று ஆலயங்கள் எரிந்தால் நான்காவது சபைக்காரர்கள் ராத்திரி எப்படித் தூங்குவார்கள்?

கணக்கில் வராத இழப்பும் உண்டு. தாத்தா காலத்துப் பெஞ்சு, பாடல் குழுவின் அங்கி, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதிவைத்த பதிவேடு. பாப்டிஸ்ட் சபைகளில் ஆளை முழுசாகத் தண்ணீரில் முக்கியெடுத்துத்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பல ஆலயங்களில் அதற்கென்று தொட்டியே இருக்கும். தான் முழுக்கு எடுத்த இடம், அம்மாவின் சவப்பெட்டி கடைசியாக இருந்த இடம் என்று ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் ஓர் இடம் இருக்கும். காப்பீட்டு நிறுவனம் இதற்கெல்லாம் மதிப்புப் போடாது.

யார் செய்தது?

ஏப்ரல் 10ஆம் தேதி 21 வயது வெள்ளையின இளைஞர் ஒருவர் கைதானார். அவருடைய அப்பா அதே பகுதியின் ஷெரிஃப் அலுவலகத்தில் துணை அதிகாரி என்பது ஊருக்கு இன்னொரு அதிர்ச்சி.

காரணம்? 'பிளாக் மெட்டல்' என்ற ராக் இசை வகையில் பெயர் எடுக்கணும் என்ற ஆசை! இதில் வரும் 'பிளாக்' நிறத்தைக் குறிப்பதில்லை. கிறிஸ்தவ எதிர்ப்பையும் இருளையும் பாடுபொருளாக வைத்த இசை அது. 1990களில் நார்வேயில் இந்த வட்டத்தைச் சேர்ந்த சிலர் பழைமையான மர ஆலயங்களைக் கொளுத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் இவரும் செய்தார் என்றது அரசுத் தரப்பு. ஆலயம் எரிவதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கிலும் போட்டிருக்கிறார்.

அவர் ஒப்புக்கொண்ட குற்றங்களில் வெறுப்புக் குற்றமும் இருந்தது. ஆனால் அந்த வழக்கு நின்றது ஆலயங்களின் மத அடையாளத்தின் மேல், இனத்தின் மேல் அல்ல. எரிந்த மூன்றுமே கறுப்பினத்தவர் ஆலயங்களாக இருந்தும் இப்படி. சட்டத்துக்கு நோக்கம் முக்கியம். சாம்பலைக் கூட்டி அள்ளியவர்களுக்கு அந்த வித்தியாசம் எந்த அளவுக்கு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பணம் எங்கிருந்து வந்தது?

பாப்டிஸ்ட் சபைகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். கத்தோலிக்கத் திருச்சபையிலோ சி.எஸ்.ஐ.யிலோ இருப்பதுபோல ஆயர், பேராயர், மறைமாவட்டம் என்ற மேல்கட்டுமானம் இங்கே இல்லை. ஒவ்வொரு சபையும் தனித்தனி. போதகரைத் தேர்ந்தெடுப்பதும், கட்டடத்தைப் பராமரிப்பதும், கடனை அடைப்பதும் சபையார் பொறுப்பு. சுதந்திரம் அதிகம்தான், ஆனால் ஆலயம் எரிந்தால் காசு அனுப்ப மேலே யாரும் கிடையாது. வட்டாரச் சங்கங்கள் உண்டு. அவையும் இந்தச் சபைகளின் காணிக்கையில் ஓடுபவைதான்.

அப்படி ஒரு வட்டாரச் சங்கம்தான் மூன்று ஆலயங்களுக்கும் சேர்த்து இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கியது. இலக்கு 18 லட்சம் டாலர். ஆரம்பத்தில் பெரிய கவனம் இல்லை.

ஏப்ரல் 15 அன்று பாரிஸில் நோத்ர தாம் பேராலயம் எரிந்தது. தொழிலதிபர்கள் ஓரிரு நாளிலேயே கோடிக்கணக்கான யூரோ அறிவித்தார்கள். அப்போதுதான் சமூக ஊடகங்களில் ஒரு கேள்வி கிளம்பியது: லூசியானாவில் எரிந்த மூன்று ஆலயங்களுக்கு யார் கொடுப்பது? பத்திரிகையாளர்கள் பகிர்ந்தார்கள், ஹிலாரி கிளிண்டனும் பகிர்ந்தார். சில நாளிலேயே இலக்கைத் தாண்டி நிதி 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள் போட்ட சின்னச் சின்னத் தொகைகள். சரியாகச் சொன்னால், பாரிஸ் எரிந்திருக்காவிட்டால் ஓபலூசாஸ் பக்கம் இத்தனை பேர் திரும்பியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அதுவரை ஆராதனை?

அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 21. கிறிஸ்தவர்களுக்கு உயிர்ப்பின் திருநாள். மூன்று சபைகளுக்கும் சொந்தக் கூரை இல்லை. இரவல் இடத்தில் கூடினார்கள். தீ போன பிறகு கட்டடத்தைவிட முதலில் காப்பாற்ற வேண்டியது இந்தக் கூட்டத்தைத்தான். சில வாரம் கூடாமல் விட்டால் வயதானவர்கள் வீட்டோடு முடங்குவார்கள், இளசுகள் வேறு சபை பார்த்துப் போய்விடுவார்கள். மே 3ஆம் தேதி அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸ் நேரில் வந்து மவுண்ட் ப்ளெசன்ட் இடிபாடுகளைப் பார்த்தார்.

குற்றவாளியை மன்னித்துவிட்டதாகப் போதகர்கள் பொதுவெளியிலேயே சொன்னார்கள். அதற்காக வழக்கு வேண்டாம் என்று யாரும் ஒதுங்கவில்லை. 2020 பிப்ரவரியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நவம்பரில் 25 ஆண்டு சிறைத்தண்டனை. நீதிமன்றத்தில் சபைகளிடம் வருத்தமும் தெரிவித்தார்.

இழப்பீடாக செயின்ட் மேரிக்கு சுமார் 5.9 லட்சம் டாலர், கிரேட்டர் யூனியனுக்கு 9.7 லட்சம், மவுண்ட் ப்ளெசன்ட்டுக்கு 11 லட்சம் கொடுக்கவும் நீதிபதி உத்தரவிட்டார். மொத்தம் 26 லட்சம் டாலருக்கு மேல். இருபதுகளில் சிறைக்குள் போனவர் அதை எப்போது, எப்படிக் கட்டுவார்? அதை நம்பிச் செங்கல் வாங்க முடியாது என்பது மூன்று சபைகளுக்கும் தெரியும்.